வழக்கமான இருமல்

ஆழ்வான்பேரியில் ஒன்பதாவது சாவு விழுந்த அன்றும் செவி பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.

செவி என்பது சோற்றுத் தூக்குவாளி அளவிலான ஒரு மஞ்சள் பெட்டி. ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூடம், பீடிக் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் என்று ஊரில் ஐந்து இடங்களில் அது சுவரில் பொருத்தப்பட்டிருந்தது. மனிதர்கள் பேசுவதை அது பொருட்படுத்துவதில்லை. இருமல்களை மட்டுமே அது கேட்டது. புதுவிதமான இருமல் கேட்டால் அதன் விளக்கு சிவக்கும், இல்லையென்றால் பச்சையாகவே இருக்கும். சென்ற பெருந்தொற்றுக்குப் பின் கூடிய வல்லுநர் குழு, எல்லா ஊருக்கும் மருத்துவமனை கட்ட இயலாது, ஆனால் எல்லா ஊருக்கும் ஒரு காது வைக்க இயலும் என்று முடிவு செய்திருந்தது. புதிய நோய் ஒன்று ஓர் ஊரின் தொண்டைக்குள் நுழைகிறபோது அந்த ஊரின் இருமலோசை மாறுகிறது. மாறிய ஓசையை முதல் நாளிலேயே பிடித்துவிட்டால், மாநிலத்தில் இருக்கிற கொஞ்சம் ஆக்சிஜனையும் ஐந்தே ஐந்து நடமாடும் மருத்துவமனைகளையும் தேவைப்படுகிற ஊருக்கு உடனே அனுப்பிவிடலாம். இல்லாமையிலிருந்து பிறந்த நல்ல யோசனை அது. முதல் ஆண்டிலேயே மூன்று மாவட்டங்களில் நோயை முளையிலேயே அது பிடித்தது. அதனால் செவி பச்சையாக இருக்கும் ஊரில் நோய் இல்லை என்பது, யாரும் எழுதாமலே, விதியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலர் ராபியா தொலைபேசியை மேசைமீது வைத்துவிட்டு, எதிரே நின்ற கிராம சுகாதார செவிலியர் ஆவுடையம்மாளைப் பார்த்தார். ராபியாவுக்கு இருபத்தெட்டு வயது. உடுமலைப்பேட்டையிலிருந்து இங்கு மாற்றலாகி ஆறு மாதம் ஆகிறது. ஆவுடையம்மாளுக்கு நாற்பத்தாறு. பத்தொன்பது ஆண்டுகளாக இதே ஊரில் வீடு வீடாக நடப்பவள்.

“மறுபடியும் இல்லைன்னுட்டாங்க சிஸ்டர். பத்து சிலிண்டர் கேட்டேனுங்க. அதுகூட வேண்டாம், சளி எடுத்து அனுப்பறேன், என்ன நோயின்னு சோதிச்சாவது சொல்லுங்கன்னேன். செவி சிவக்காத ஊர்ல இருந்து மாதிரி வாங்கறதில்லையாம். ஆய்வகத்துல அவ்வளவுதான் இடம் இருக்குதாம்.”

“ஒம்பது பேரு போயிட்டாவளே, அதச் சொன்னீயளா டாக்டரம்மா?”

“சொன்னேன். ஒன்பது பேருக்கும் ஏற்கெனவே பீடித் தூசியால நுரையீரல் கோளாறுன்னு பழைய பதிவு இருக்குதில்லீங்களா? அதனால அது ‘எதிர்பார்க்கத்தக்க மரணம்’. அப்படி ஒரு வார்த்தை வச்சிருக்காங்க சிஸ்டர்.” ராபியா எழுந்து சுவரோரம் போய், செவியின் பச்சை விளக்கை விரலால் தட்டிப் பார்த்தார். “நாலு நாள் காய்ச்சல், அஞ்சாம் நாள் நகம் நீலமாகுது, ஆறாம் நாள் மூச்சு நிக்குது. இதுக்கு மேல என்னங்க வேணும் இதுக்கு? கெட்டுப் போச்சா?”

ஆவுடையம்மாள் கதவு வழியே உள்ளே பார்த்தாள். உள் அறையில் ஏழு பேர் படுத்திருந்தார்கள். நான்கு சிலிண்டர்களில் இரண்டு காலி. படுத்திருந்தவர்களில் ஒருத்தி முப்பிடாதி. ஆவுடையம்மாளின் தெருக்காரி, அடுத்த வீடு. ஐம்பத்திரண்டு வயது. ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றியவள். நேற்றுதான் வந்து படுத்தாள். அவள் இருமும்போதெல்லாம் ஆவுடையம்மாள் சுவரிலிருந்த செவியைப் பார்த்தாள்.

“கெடல டாக்டரம்மா. அது நல்லாத்தான் வேல செய்யுது. நாந்தான் அத அப்பிடிப் பழக்குனேன்.”

“நீங்களா? எப்படி?”

“உக்காருங்க, சொல்லுதேன்.”

செவிகள் முதன்முதலில் ஊருக்கு வந்தபோது அவற்றுக்கு ஆழ்வான்பேரியைத் தெரியாது. ஏதோ நகரங்களின் சுத்தமான இருமல்களைக் கேட்டுப் பழகிய கருவிகள் அவை. இங்கோ பத்து வீட்டுக்கு எட்டு வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். மடியில் சொளவு எனும் முறமும் அதில் புகையிலைத் தூளுமாக விடிந்ததும் உட்காரும் பெண்கள் பொழுது சாயும்வரை அந்தத் தூசியைத்தான் சுவாசிக்கிறார்கள். கேட்ட முதல் வாரத்திலேயே செவிகள் திடுக்கிட்டுப் போயின. ஓயாமல் சிவந்தன. ஒவ்வொரு முறை சிவக்கும்போதும் செவிலியரின் கைக்கணினிக்கு ஒரு கேள்வி வரும்: இந்த இருமல் வழக்கமானதா, புதிதா? ஒரு நாளுக்குள் நேரில் போய்ப் பார்த்து, இரண்டில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தத் தாமதமானால் புதிது என்றே எடுத்துக்கொள்ளப்படும். புதிது என்றால் உதவி வரும். உதவியோடு அடைப்பும் வரும். பத்து நாள் ஊருக்குள் யாரும் வரக்கூடாது, வெளியே யாரும் போகக்கூடாது. பீடிக் கடையில் இலையும் தூளும் தரமாட்டார்கள்.

“மொத ரெண்டு மாசத்துல மூணு தடவ அடச்சாவ,” என்றாள் ஆவுடையம்மாள். “நான் ஒவ்வொரு வீடா ஏறி எறங்கி, நெஞ்சுல குழல் வச்சுப் பாத்துட்டு அமுக்குறதுக்குள்ள நாள் தாண்டிரும். மூணாவது அடைப்பப்ப உள்ள கெடக்காளே முப்பிடாதி அக்கா, அவ மவளுக்குப் பேறுகால வலி எடுத்துட்டு. ஆட்டோவுல கொண்டு போறாவ, தடுப்புல நிறுத்திட்டாவ. மேல கேக்கணும், உத்தரவு வரணும்னு ரெண்டு மணி நேரம். பிள்ள தங்கல.”

ராபியா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மறுவாரம் திரும்பவும் சிவந்துச்சு. அக்கா வந்து என் கையப் புடிச்சுக்கிட்டா. ‘ஏட்டி ஆவுடை, இது பீடி இருமல்னு ஒனக்குத் தெரியாதா? எங்க அம்மைக்கு இருந்துச்சு, எனக்கு இருக்கு, நாளைக்கி எம்மவளுக்கும் வரும். இதப் போயி பாத்துட்டு வாரேன் பாத்துட்டு வாரேன்னு ஊர அடைக்க வைக்கியே’ன்னா. அன்னைக்கி நான் பாக்கப் போகல. உக்காந்த எடத்துலயே வழக்கம்னு அமுக்குனேன். அதுக்கப்புறம் எதுக்குமே போகல.”

“எத்தனை தடவ?”

“பாத்தது, பாக்காதது எல்லாம் சேத்து ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறு.”

எண்ணிக்கையை அவள் தயங்காமல் சொன்னது ராபியாவைத் திடுக்கிடச் செய்தது.

“போகப் போக அது கேக்குறது கொறஞ்சுது. ஒரு வருசத்துல நின்னே போச்சு. ‘அமைதியான ஊர்’னு ஒரு பட்டயம் குடுத்தாவ. அந்தா, பீரோ மேல இருக்கு.”

“அந்த ஆயிரத்துல ஒண்ணு ரெண்டாவது காசநோயா இருந்திருக்குமா சிஸ்டர்?”

“இருந்திருக்கும்.”

கருணையால் சொல்லப்பட்ட ஒரு பொய் எவ்வளவு காலம் கருணையாகவே நீடிக்கும் என்ற கேள்விக்கு அந்த அறையில் விடை இருந்தது. ஒரு மக்கள்கூட்டத்தின் நோயை அதன் இயல்பு என்று பதிந்துவிட்டால், அதன்பின் அவர்கள் எந்த நோயால் இறந்தாலும் அது இயல்பான சாவாகிவிடுகிறது. இயந்திரம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. உலகம் ஏற்கெனவே அவர்களைக் கேட்டுவந்த விதத்தையே அது விரைவாகக் கற்றுக்கொண்டது.

ராபியா கோபப்படவில்லை. விளக்கைப் பார்த்தபடி, “பழக்குனதை மறக்க வைக்க முடியுமான்னு பார்க்கலாமுங்க,” என்றார். “நோய்க்காரங்க எல்லாரும் ஒரே நேரத்துல பக்கத்துல நின்னு இருமினா, இத்தனை நாள் கேட்டதுக்கும் இதுக்கும் வித்தியாசம் அதுக்குத் தெரியணுமில்ல?”

புதன்கிழமை காலை ரேஷன் கடை வாசலில் நாற்பது பேர் கூடினார்கள். நடக்க முடிந்தவர்கள் நடந்து வந்தார்கள். முப்பிடாதியை அவள் மகளும் ஆவுடையம்மாளும் இருபுறம் தாங்கி அழைத்து வந்தார்கள். அவளுடைய நகக்கண்களில் நாவற்பழக் கறைபோல் நீலம் ஏறியிருந்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை.

“ஏட்டி, சீனிக்கும் பருப்புக்கும் நின்னது பத்தாதுன்னு இப்ப இருமலுக்கும் வரிசையா?”

“கைரேக வைக்கணுமான்னு கேளுக்கா,” என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

“சும்மா கெடங்கட்டி, டாக்டரம்மா பாக்காவ.”

“ஒண்ணு, ரெண்டு, மூணு சொன்னதும் எல்லாரும் பெட்டியைப் பார்த்து இருமுங்க. அடக்காதீங்க,” என்றார் ராபியா.

அடக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஒருத்தி தொடங்கியதும் மற்றவர்களுக்குத் தானாக வந்தது. ஈரமாகவும் வறண்டும், அடிவயிற்றிலிருந்தும் தொண்டை நுனியிலிருந்தும், நாற்பது உடல்களின் உள்ளே இருந்த சிதைவு அந்த வாசலில் வெளியே வந்து விழுந்தது. சிலர் குந்தி உட்கார்ந்துவிட்டார்கள். எதிர்ச் சுவரில் காகங்கள் எழுந்து பறந்தன. ஐந்து நிமிடங்களுக்குப் பிறகு ஆவுடையம்மாள் கைக்கணினியைப் பார்த்தாள்.

கேட்கப்பட்ட இருமல்: 412. வழக்கம்: 412.

விளக்கு பச்சை.

“எங்க வீட்டுக்காரரு மாதிரில்லா இருக்கு இது,” என்றாள் முப்பிடாதி மூச்சுக்கு இடையே. “எம்புட்டு இருமுனாலும் திரும்பிப் பாக்காத மனுசன்.”

சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்கள் மறுபடி இருமினார்கள். அந்தக் கலகலப்பின் நடுவே, சில நாளாகக் காய்ச்சலை மறைத்து, விடியற்காலையிலிருந்து முந்தானையால் வாயைப் பொத்திப் பொத்தி அடக்கிக்கொண்டிருந்த ராபியா, தன்னையறியாமல் இரண்டு முறை இருமினார்.

செவி சிவந்தது.

ஊரே மறந்துபோயிருந்த அந்தக் கூவல் ஒலி ரேஷன் கடைச் சுவரிலிருந்து கிளம்பித் தெருமுனைவரை போயிற்று. நாற்பது பேரும் ராபியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கைக்கணினியில் ஒரு வரி: வெளியூர்க் குரல் ஒன்று. உடனடிக் கவனம் தேவை.

“அம்மாடி,” என்றாள் முப்பிடாதி. “ரெண்டே இருமலு. எந்திரிச்சுட்டானே!”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஆவுடையம்மாள் ராபியாவின் பெயரைப் பதிந்த நாற்பது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. உள்ளே ஒரு கட்டில், இரண்டு சிலிண்டர், கவச உடையில் ஓர் ஊழியர். அனுமதி ஒரு பெயருக்குத்தான். ராபியா முப்பிடாதியின் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றப் பார்த்தார். ஊழியர் பணிவாகத் தடுத்தார். “எனக்கு வந்த உத்தரவுல உங்க பேருதான் இருக்கு மேடம். வேற ஆள ஏத்துனா ஆஸ்பத்திரியில எறக்க விடமாட்டாங்க.”

“நான் போகலீங்க. இவங்கள விட்டுட்டு எப்படி?”

ஆவுடையம்மாள் அவர் தோளைத் தொட்டாள். நெருப்பாய்ச் சுட்டது. “போங்க டாக்டரம்மா. ஒங்க சளியத்தான் அவிய சோதிப்பாவ. நோய்க்கு ஒரு பேராவது தெரியணும்லா?”

ராபியா ஏறினார். கதவு மூடும் முன், “நாளைக்குள்ள எல்லாருக்கும் வண்டி வர வைக்கறேன் சிஸ்டர்,” என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கியது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மாநிலக் கண்காணிப்பு மையத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் பெயர் ஜெபகனி. செவிகளின் தொழில்நுட்பப் பொறுப்பாளர். பல ஆண்டு சென்னை வாழ்க்கை படிந்த பேச்சு.

“சிஸ்டர், டாக்டர் ராபியா கடைசி பதினஞ்சு நாள்ல எங்கெல்லாம் போனாங்க?”

“எங்கயும் போகல சார். குவார்ட்டர்ஸ் விட்டா ஆஸ்பத்திரி. எப்பிடி இருக்காவ அவிய?”

“செயற்கை சுவாசத்துல இருக்காங்க. பேச முடியல. அதான் உங்ககிட்ட கேக்குறேன். அவங்க சளியில இருக்கிறது இதுவரைக்கும் யாரும் பார்க்காத வைரஸ். எங்கேயோ போய்த்தான் வாங்கிட்டு வந்திருக்கணும்.”

“இங்கதான் வாங்குனாவ.”

“ஆழ்வான்பேரி பச்சை சிஸ்டர்.”

“பச்சையாத்தான் இருக்கு. நேத்து சாயந்திரம் வரைக்கும் பதிமூணு பேரு போயிட்டாவ. இன்னைக்கி விடியல்ல ரெண்டு. ஆறு பேரு உள்ள கெடக்காவ, ஒரே ஒரு சிலிண்டர் மிச்சம் இருக்கு. அதையும் முறை வச்சு மாத்தி மாத்திக் குடுக்கேன்.”

மறுமுனையில் விசைகள் தட்டப்படும் ஓசை கேட்டு, நின்றது. ஆவுடையம்மாள் ராபியாவிடம் சொன்னதை அவரிடமும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. முதல் முந்நூறு இருமல்களை நேரில் போய்ப் பார்த்ததையும், மற்றவற்றைப் பாராமல் அழுத்தியதையும் சொன்னாள்.

கேட்டு முடித்ததும் ஜெபகனி பேசினார். குரல் மாறியிருந்தது. “உங்க ஊரோட நிக்கல சிஸ்டர் இது. கல்குவாரி, உப்பளம், நூற்பாலை, செங்கல் சூளைன்னு தூசியில வேலை செய்ற ஊர் எல்லாத்துலயும் செவி ஓயாம கத்திட்டிருந்துச்சு. அடைச்சு அடைச்சு எங்களுக்கும் முடியல. உங்க ஊர்ச் செவி மட்டும் அமைதியாச்சு. எவ்வளவு நல்லா கத்துக்கிட்டு இருக்குன்னு நெனச்சோம். அது கத்துக்கிட்டதை அப்படியே எடுத்து இருநூத்திப் பன்னெண்டு ஊருக்கு வச்சோம். வச்சது நான்தான்.”

“அங்கெல்லாம் ஆளு சாவுதா?”

“தெரியாது. எல்லாமே பச்சையா இருக்கு.”

ஆவுடையம்மாள் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

“ஒரு வழிதான் இருக்கு,” என்றார் ஜெபகனி. “நீங்க குடுத்த பதில் எல்லாமே தப்புன்னு நீங்களே கையெழுத்துப் போட்டு ஒரு உறுதிமொழி தரணும். அப்பத்தான் அதை அழிக்க முடியும். அழிச்சா அந்த இருநூத்திப் பன்னெண்டு ஊர்லயும் சேர்ந்து அழியும்.”

“எல்லாம் தப்பில்ல சார். பாதிக்கு மேல நெசமாவே பீடி இருமலுதான்.”

“கொஞ்சம் சரி, கொஞ்சம் தப்புன்னு எழுத அதுல எடமில்ல. எல்லாம் தப்பு, இல்லேன்னா எல்லாம் சரி. உங்க வேலை போயிரும் சிஸ்டர், கேஸும் வரலாம். எல்லா ஊரும் ஒரே நேரத்துல சிவக்கும், எல்லாத்தையும் அடைப்பாங்க. எங்ககிட்ட அஞ்சு நடமாடும் ஆஸ்பத்திரிதான். முதல்ல எங்க போகும்னு இப்ப என்னால சொல்ல முடியாது.”

தடுப்பில் நின்ற அந்த ஆட்டோ ஆவுடையம்மாளின் நினைவுக்கு வந்தது. இருநூற்றுப் பதின்மூன்று ஊர்களின் எல்லையில் இருநூற்றுப் பதின்மூன்று தடுப்புகள். அவற்றின் முன்னால் எத்தனை ஆட்டோக்கள் நிற்கும் என்பது யாருக்குத் தெரியும்? அவள் தொலைபேசியை வைக்காமலே உள் அறைக்குப் போனாள். சிலிண்டர் முறை இப்போது முப்பிடாதியுடையது. மகள் விசிறிக்கொண்டிருந்தாள்.

“யக்கா, நான் ஒரு கையெழுத்துப் போடப் போறேன். மறுபடியும் ஊர அடைப்பாவ. நம்மூர மட்டுமில்ல.”

முப்பிடாதி முகமூடியை ஒரு பக்கம் ஒதுக்கினாள். “அடைக்கட்டும். தெறந்து கெடந்து என்னத்தக் கண்டோம்?” மூச்சு வாங்கினாள். “அன்னைக்கி நாஞ் சொன்னதுக்காக அமுக்குனே. இன்னைக்கி யாருஞ் சொல்லாம நீயே போடு.”

அந்த வார்த்தையில் மன்னிப்பு இருந்ததா, குற்றச்சாட்டு இருந்ததா என்று ஆவுடையம்மாளால் பிரித்தறிய முடியவில்லை. பதினொன்று இருபதுக்குக் கைக்கணினியின் திரையில் விரலால் பெயரெழுதினாள். நான் அளித்த 1,146 பதில்களும் உண்மைக்கு மாறானவை.

ஐந்து நிமிடத்தில் ஊரின் ஐந்து செவிகளும் சிவந்து கூவின. பள்ளிக்கூடத்திலிருந்தும் பீடிக் கடையிலிருந்தும் சனங்கள் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். யாரோ ஒருவர் இருமினார், கூவல் உயர்ந்தது. இன்னொருவர் இருமினார், இன்னும் உயர்ந்தது. ஆண்டுக்கணக்காகத் தங்கள் மார்புக்குள் கேட்டுவந்த ஓசையை அவர்கள் அன்றுதான் ஓர் அபாய ஒலியாக வெளியே கேட்டார்கள். பலர் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள்.

ஒன்றரை மணிக்கு ஜெபகனி மறுபடி அழைத்தார். சென்னைப் பேச்சு அவரிடமிருந்து உதிர்ந்து, பிறந்த ஊர்ப் பேச்சு வந்திருந்தது.

“சிஸ்டர், எல்லா ஊருக்கும் போன் போட்டோம். முப்பத்தேழு ஊர்ல சாவு விழுந்திருக்கு. கடக்கரையில ஒரு உப்பளத்து ஊரு, அங்க மட்டும் ஆறு நாளா இருவத்திரெண்டு பேரு. ஒருத்தரும் வாயத் தொறக்கல. செவி பச்சையா இருக்கும்போது யாருகிட்டப் போய்ச் சொல்லன்னு கேக்காவ. நீங்க மட்டும் கையெழுத்துப் போடலேன்னா இன்னும் பத்து நாள்ல...”

“வண்டி?”

“அஞ்சும் கெளம்பிட்டு.”

“இங்க எப்ப வரும்?”

மறுமுனையில் மீண்டும் விசைகள் தட்டப்பட்டன.

“சொல்லுங்க சார். இங்க ஆறு பேரு கெடக்காவ.”

“எந்த ஊருக்கு மொதல்லன்னு மையத்துக் கம்ப்யூட்டரே வரிச போடுது. எந்த ஊரு செவிலியர் சொன்னது ரொம்ப நம்பகமோ, அந்த ஊரு மொதல்ல. ஏமாத்திரக் கூடாதுன்னு அப்பிடி வச்சிருக்கு. ஒங்க ஊரு பழக்கத்த வச்ச பெறவு மத்த எடத்துல யாரையும் எதுவும் கேட்டதே இல்ல, அவிய பொய் சொன்னதும் இல்ல. நீங்க ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறு தடவ பொய் சொன்னதா நீங்களே எழுதிக் குடுத்துட்டிய.”

“அதனால?”

“கடேசி. நான் கையால மேல தூக்கித் தூக்கி வைக்கேன் சிஸ்டர், அது கீழ எறக்கி எறக்கி விடுது. அதிகாரிட்ட போயி நின்னேன். இருநூத்திப் பதிமூணு ஊருக்கு நடுவுல ஒரு ஊருக்காக விதிய மாத்தச் சொல்லாதங்காரு.”

ஆவுடையம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அடைப்புக்கான காவலர் வண்டி ஊர் எல்லையில் வந்து நின்றிருந்தது. அது மட்டும் வரிசை பாராமல் வந்துவிட்டது.

“அந்த உப்பளத்து ஊருக்குத்தான் மொதல்ல போவுதா?”

“ஆமா.”

“போவட்டும்,” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

உள் அறையில் முப்பிடாதி விழித்திருந்தாள். சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டுக்குள் இறங்கிவிட்டிருந்தது. எதையும் கேட்காமலே அவளுக்குப் பாதி புரிந்திருந்தது.

“எத்தனாவதுட்டி நம்மூரு?”

பொய் சொல்ல ஆவுடையம்மாளுக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. “இருநூத்திப் பதிமூணாவது.”

“மொத்தம் எத்தன?”

“அம்புட்டுத்தான்.”

முப்பிடாதி சிரிக்க முயன்றாள். சிரிப்பு இருமலாயிற்று. சுவரிலிருந்த செவி சிவந்தது. கைக்கணினியில் கேள்வி வந்தது: இந்த இருமல் வழக்கமானதா, புதிதா?

ஆவுடையம்மாள் ஸ்டூலை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தாள். முப்பிடாதியின் மார்பில் குழலை வைத்துக் கேட்டாள். நகங்களைத் திருப்பிப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டாள். பிறகு ‘புதிது’ என்று அழுத்தினாள். பதிவாயிற்று, வரிசை மாறவில்லை. மறு இருமல், மறு கேள்வி. மறுபடியும் குழலை வைத்துக் கேட்டு, நகத்தைப் பார்த்து, நெற்றியைத் தொட்டு அழுத்தினாள். இனி அவள் பதில்களுக்கு ஒரு பயனும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றைக்கூடப் பாராமல் அழுத்தவில்லை. முப்பிடாதி அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். நாலு மணிக்குமேல் கவனிக்கவில்லை. மகள் விசிறியைக் கீழே வைத்துவிட்டுத் தாயின் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள்.

நூற்று அறுபத்து நான்காவது பதில் பதிவானபோது மணி ஐந்தே முக்கால். ஆவுடையம்மாள் குழலைக் காதிலிருந்து எடுக்காமல் அடுத்த இருமலுக்காகக் காத்திருந்தாள். குழலில் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த கேள்வி பக்கத்துக் கட்டிலிலிருந்து வந்தது. அவள் எழுந்து ஸ்டூலை அங்கே நகர்த்திப் போட்டாள்.